மட்டக்குளியில் ஒரு மன்னார்ப் பட்டி: மழைக்காலத்தில் நோயுற்ற ஆடுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது நடந்தது கொழும்பின் வட விளிம்பில், களனி கங்கை கடலோடு சேரும் மட்டக்குளிப் பக்கம். வீட்டில் ஆடு, கோழி வளர்ப்பவர்களுக்கு உதவும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருப்பதால் இந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம். அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரோ தோட்டத்தின் அடையாளமோ இதில் இல்லை.

ஆடுகளுக்குச் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண். தோட்டத்துச் சனம் முழுக்க அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பிறந்ததும் ஆடு மேய்த்ததும் மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்தை அண்டிய ஊரொன்றில். தகப்பன் காலத்தில் நூறு ஆட்டுக்கு மேல் இருந்த பட்டி அது. காலபோகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் ஆடுமாடு வயல்வெளியில் நிற்க முடியாது. காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அரிவு வெட்டு முடிந்ததும் வயலுக்கு இறங்குவார்கள். "எங்கட வயலில நாலு நாள் பட்டி அடையுங்கோ" என்று எருவுக்காக வயல்காரர்களே கேட்டு வருவார்கள். கோடையில் குளம் வற்ற வற்ற, ஈரம் விட்டுப்போன தரையில் முளைக்கும் பச்சையைத் தேடிப் பட்டி நகரும். எப்படிப் பார்த்தாலும் ஒரே மண்ணில் ஆடுகள் நெடுநாள் படுத்தெழுந்ததில்லை.

மேய்ச்சலை நம்பி வாழும் சமூகங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கைக் காணலாம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டபடி காவிரிப் படுகை வரை போய்வருகிறார்கள். இமாச்சலத்துக் கத்தி (Gaddi) இன மேய்ப்பர்கள் கோடையில் உயர்ந்த மலைப் புல்வெளிகளுக்கு ஏறி, குளிர்காலத்தில் அடிவாரத்துக்கு இறங்குகிறார்கள். தீனியும் தண்ணீரும் தேடிப் போகும் போக்கு என்றே இதை நாம் பொதுவாக நினைக்கிறோம். புழு தொற்றாமல் விலகிப்போவது, நோயுற்ற ஆட்டைக் காட்டிக்கொடுப்பது என்று அந்த நடைக்குள் வேறு இரண்டு வேலைகளும் நடக்கின்றன என்பதை மட்டக்குளியில்தான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

மகளுக்குக் கொழும்பில் கலியாணம் ஆன பின் பெரியம்மாவும் கூட வந்துவிட்டார். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு மறிகள் (பெண் ஆடுகள்) சில வருடங்களில் 15 உருப்படியாகப் பெருகின. இடம்தான் பெருகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில், மண் தரை. கங்கைக் கரையில் ஒரு வெறும் காணி, அதில் கட்டைப் புல். வீதிக்குப் போனால் வாகனம், அயல் வீட்டுப் பூஞ்செடியைக் கடித்தால் சண்டை. அதனால் காலை ஆறரைக்கே ஆடுகளை அந்தக் காணியில் கயிற்றில் கட்டிவிட்டு, பின்னேரம் அவிழ்த்து வருவார். நாள்தோறும் அதே கட்டை, அதே வட்டம்.

கண்டது

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மகள் தொலைபேசியில் பேசினார். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டிருந்தது. இரண்டு ஆடுகள் செத்துவிட்டன, மூன்றாவது எழும்பவில்லை, அம்மா சாப்பிடாமல் கொட்டிலிலேயே இருக்கிறார் என்றார்.

நாங்கள் போனபோது மூன்றாவது ஆடு விலாவைச் சாய்த்துக் கிடந்தது. மூன்று வயதுத் தாயாடு, பால் கொடுத்துக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே முட்டையளவு நீர் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பியது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைக் கடதாசி போலக் கிடந்தது. கழிச்சல் இல்லை, புழுக்கை உருண்டையாகவே விழுந்திருந்தது. வயிற்றோட்டம் இல்லாததால்தான் வீட்டில் யாருக்கும் புழு என்ற எண்ணமே வரவில்லை. வாடியிருக்கிறது, சத்துக் காணாது என்று நினைத்து அயல் வீட்டார் பழைய பாண் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பேலியகொட மெனிங் சந்தையிலிருந்து மருமகன் கோவா இலை மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார். அன்போடு செய்த காரியம்தான். ஆனால் பாணைக் கணக்கில்லாமல் தின்ற ஆட்டுக்கு வயிறு புளித்துப்போகும், அதனாலேயே சாகவும் கூடும். முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னோம்.

"ஈரத்தில படுத்த ஆடு பிள்ளை. எனக்கு அது தெரியும். ஆனா எப்ப தொடங்கினதெண்டு இஞ்ச எனக்குத் தெரியேல்லை," என்றார் பெரியம்மா.

ஊரில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பட்டி திரும்பும்போது எந்த ஆடு எங்கே நடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். முன்னுக்கு நடக்கும் மறி ஒரு பின்னேரம் நடுவில் வந்தால் அன்றிரவு அதைத் தனியாகப் பார்ப்பார். கடைசிக்கு வந்துவிட்டால் அடுத்த நாள் சாய்க்க மாட்டார். தகப்பன் சொல்லிக் கொடுத்தது அது. கயிற்றில் கட்டின ஆட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாற்பது வருடம் பழகின கண்ணுக்குப் பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, விளக்கமாகத்தான் சொன்னார். இந்த நிகழ்வில் நான் கேட்ட மிக முக்கியமான தகவல் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த ஆடு அன்றிரவே செத்தது. மறுநாள் காலை மிருக வைத்தியர் அறுத்துப் பார்த்தார். முதல் வயிற்றில் கை முட்டியளவு சொப்பின் பை உருண்டை இருந்தது. அதுதான் காரணம் என்று கூட நின்றவர்கள் உடனே முடிவு கட்டினார்கள். வைத்தியர் பேசாமல் நான்காம் வயிற்றை வெட்டி விரித்தார். உள்சுவர் முழுக்க மயிரளவு மெல்லிய, ஓர் அங்குலம் வராத புழுக்கள் நெளிந்தன. சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல் மாதிரி. பெரியம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

ஏன் இங்கே, ஏன் இப்போது

அது ஹீமோங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. ஆயிரம் புழு இருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் இரத்தம் போகும். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000க்கு மேல் முட்டையிடும். புழுக்கையோடு விழும் முட்டை, சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய குடம்பியாகி (இளம் புழுவாகி), பனி ஈரத்தில் புல்லில் ஏறி நிற்கும். பெரும்பாலும் அடிப் பத்துச் சென்ரிமீற்றருக்குள்தான். அந்தப் புல்லை ஆடு கடித்தால், மூன்று வாரத்தில் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும்.

மன்னாரிலும் இந்தப் புழு உண்டு. ஆனால் அங்கே வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். மிச்ச நாள் வெயிலில் குடம்பி காய்ந்து சாகும். கொழும்பில் 2,400 மில்லிமீற்றர் அளவில், வருடத்தில் பல மாதங்களுக்குப் பரவிப் பெய்கிறது. அங்கே ஆடு பற்றையிலும் மரத்திலும் எட்டிக் குழை கடிக்கும். இங்கே கட்டைப் புல்லை அடியோடு கரம்புகிறது. அங்கே பட்டி நகர்ந்துவிடுவதால், புழுக்கையிலிருந்து குடம்பி வெளிவரும்போது தின்ன அங்கே ஆடு நிற்காது. இங்கே கயிற்று வட்டத்துக்குள் ஆடு தன் புழுவைத் தானே திரும்பத் திரும்பத் தின்றது. பனி உலர முன் ஆடு சாய்க்கக் கூடாது என்பது பெரியம்மாவுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் மகள் வீட்டு வேலை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காலை நேரம் அவர் கையில் இருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

எல்லா ஆட்டுக்கும் உடனே புழு மருந்து கொடுங்கள் என்றுதான் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மிச்சமிருந்த 12 ஆடுகளின் இமையையும் பார்த்து, வெளிறியிருந்த ஐந்துக்கு மட்டும் கொடுப்பதென்று வைத்தியர் முடிவு செய்தார். தென்னாபிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் இமை நிறத்தை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள். அதை வைத்துத்தான் தெரிவு. எல்லாவற்றுக்கும் அடித்தால் மருந்துக்குத் தப்பும் புழு மட்டும் மிஞ்சிப் பெருகும், கொஞ்ச நாளில் மருந்து வேலை செய்யாமல் போகும். அளவிலும் கவனம் வேண்டும். ஆட்டின் உடல் மருந்தைச் செம்மறியை விட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் அல்பென்டசோல் போன்ற மருந்தைச் செம்மறிக்குரிய அளவில் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். சினைப்பட்ட முதல் மாதத்தில் அதைக் கொடுக்கவும் கூடாது. ஒரு மறி சினையோ என்ற சந்தேகம் இருந்ததால் அதற்கு வேறு மருந்து தெரிவானது. மருந்து கொடுத்த ஆட்டுக்குக் கழுத்தில் சிவப்பு நூல், கொடுக்காததற்கு ஒன்றும் இல்லை. பேத்தி பாடக் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்தாள்.

மருமகனுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: பெருநாளுக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவது. இரண்டு கிடாய்களுக்கு ஏற்கெனவே விலை பேசியிருந்தார். அவற்றில் ஒன்றுக்கு மருந்து கொடுத்திருந்தோம். மருந்துக்குப் பின் இறைச்சிக்கு விடும் இடைவெளி பெருநாளுக்குள் முடியாது என்பதால் விற்பனையை நிறுத்தச் சொன்னோம். வீட்டில் முகம் கோணியது உண்மை. வாங்க வந்தவரிடம் பெரியம்மாவே போய்க் காரணத்தைச் சொன்னார். அவர் நன்றி சொல்லி, மற்றக் கிடாயை மட்டும் வாங்கிப் போனார்.

அப்புறம் தரை. ஆறு வாரத்துக்குக் கங்கைக் கரைக் காணிக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. கொட்டிலுக்குள் இடுப்பளவு உயரத்தில் பரண் அடித்தோம். துறைமுகத்தில் கழித்துவிட்ட மரத் தட்டுகளை மருமகன்தான் கொண்டுவந்து ஆணி அடித்தார். பலகைக்கு நடுவே புழுக்கை கீழே விழும் அளவு இடைவெளி. தீனியெல்லாம் வெட்டிக் கட்டின குழை, ஆட்டின் தலைக்கு மேலே தொங்கவிட்டது. வத்தளை, ஜா-எலப் பக்கத்து வளவுகளிலிருந்து பலாக் குழையும் பூவரசங் குழையும் ஓட்டோவில் வந்தன. வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவை ஆடுகள் முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஓர் இரவு வாடவைத்துக் கொடுத்தால் வாசம் குறைந்து தின்னும் என்று வைத்தியர் சொன்னார், தின்றன. இரத்தம் இழந்த ஆட்டுக்குப் புரதம் முக்கியம். இந்தக் குழையில் அது நிறைய உண்டு.

நடுவில் வந்த இன்னொரு நோய்

ஆவணி மாதத்தில், மற்ற ஆடுகள் தேறிவந்த நேரம், ஓர் இளம் மறி பின்னங்கால்களை இழுத்து நடந்தது. இமை சிவப்பாகவே இருந்தது, நன்றாகத் தின்றது, இடுப்புக்குக் கீழேதான் பலமில்லை.

இந்த இடத்தை வாசிப்பவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். தெருநாய் உள்ள ஊரில் காலை இழுக்கும் ஆடு என்றால் முதல் சந்தேகம் விசர்நாய்க்கடி நோயாகத்தான் இருக்க வேண்டும். வாயில் கை விடக் கூடாது, பால் கறக்கக் கூடாது, பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது. மறியைத் தனியே அடைத்து, கடித்த காயம் உண்டா என்று தேடி, பத்து நாள் பார்த்திருக்கச் சொன்னார் வைத்தியர். விசர் என்றால் அந்த நாட்களுக்குள் தெரிந்துவிடும். காயம் இல்லை, குரல் மாறவில்லை, எச்சில் ஒழுகவில்லை.

இலங்கையில் ஆடு வளர்ப்பவர்களை நெடுங்காலமாக வாட்டும் இன்னொன்று இருக்கிறது: செற்றாரியா. மாட்டின் வயிற்றறையில் பெரிய தொந்தரவில்லாமல் வாழும் புழு இது. மாட்டின் இரத்தத்திலிருந்து நுளம்பு அதன் குஞ்சுகளை எடுத்து ஆட்டில் விட்டால், வழி தப்பி முள்ளந்தண்டு நரம்புக்குள் போய்விடும். அறிகுறிகளை வைத்து வைத்தியர் அதுதான் என்று கணித்து முதல் நாளே மருந்தும் தொடங்கியிருந்தார். மறி பிழைத்தது. இப்போதும் ஒரு காலைத் தேய்த்துத்தான் நடக்கிறது.

ஊரில் அந்திக்கு வேப்பங்குழையும் காய்ந்த எருவும் போட்டுப் பட்டிக்குப் புகை போடுவார்கள். பெரியம்மா இங்கேயும் போட்டிருக்கிறார். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில் புகை பொறுக்க முடியாமல் அயலார் சொல்ல, விட்டுவிட்டார். அயலாரிடமும் பிழையில்லை. கொட்டிலைச் சுற்றி நுளம்பு வலை அடித்துக் கொடுத்தோம். தேங்கின தண்ணீரையும் அகற்றினோம், அது டெங்குக்கும் சேர்த்துச் செய்த வேலை.

பட்டியைப் பிரித்தது

பரணில் 11 ஆட்டுக்கு இடம் காணாது. வெளியே விடாமல் அத்தனைக்கும் குழை வாங்கிக் கட்டாது. விற்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. வழியைச் சொன்னது பெரியம்மாதான்: ஊரில் ஒன்றுவிட்ட தம்பியிடம் வாரத்துக்கு விடுவது. வாரம் என்றால் ஆடு சொந்தக்காரருடையதாகவே இருக்கும், மேய்ப்பவர் பார்த்துக்கொள்வார், ஈனும் குட்டிகளில் பாதி அவருக்கு. மேய்ச்சல் சமூகங்கள் ஒரே இடத்தில் எல்லா ஆட்டையும் வைத்து இழக்காமல் இருப்பதற்குக் காலங்காலமாகக் கைக்கொள்ளும் ஏற்பாடு இது. காப்புறுதிக் கம்பனி வராத இடத்தில் உறவுதான் அந்த வேலையைச் செய்கிறது.

உடனே அனுப்பவில்லை. ஐப்பசியில் அனுப்பினால் மன்னார் மழைக்குள் போய் விழும். தை பிறந்து தரை காய்ந்த பின் என்று நாள் வைத்தோம். இங்கிருந்து மருந்துக்குச் சாகாத புழுவை அந்தப் பட்டிக்குக் கொண்டுபோய் விடக் கூடாது என்பது என் பெரிய கவலை. மருந்து கொடுத்துப் பத்து நாளைக்குப் பின் புழுக்கையைச் சோதித்து, முட்டை இல்லையென்று பார்த்து, சுகாதாரச் சான்றிதழ் எடுத்துத்தான் ஏற்றினோம். ஆறு போயின; நொண்டி மறியோடு ஐந்து இங்கே நின்றன.

பின்னர் நடந்தது

பரணில் ஏறிய பின் புழுவால் ஓர் ஆடும் சாகவில்லை. ஒரு குட்டியின் கால் பலகை இடைவெளிக்குள் மாட்டி முறிந்தது. பெரிய ஆட்டுக்கு அளந்த இடைவெளி குட்டிக்கு அகலம், அந்த மூலைக்கு உடனே நெருக்கமான பலகை அடித்தோம்.

பரணில் அடைத்த ஆடுகளுக்கு நடை இல்லை என்பது பெரியம்மாவை உறுத்திக்கொண்டே இருந்தது. வெயில் தணிந்த பின் ஒழுங்கையில் ஒரு சுற்றுக் கொண்டுபோகவா என்று கேட்டார். சொப்பின் பையைத் தின்றுவிடுமே என்றேன். தும்புக் கயிற்றில் தானே வாய்க்கூடு பின்னினார். ஐந்தும் வாய்க்கூட்டோடு ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பும், அவர் பின்னால் நடப்பார். பங்குனியில் ஒரு பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது: "கறுப்பி பின்னுக்கு வருது, வந்து பாருங்கோ." இமை இன்னும் வெளிறவில்லை. புழுக்கையைக் கொடுத்துப் பார்த்தால் முட்டை எண்ணிக்கை கூடியிருந்தது. மகள் கரைக் காணியில் பச்சைப் புல் அறுத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். இமை நிற அட்டையை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் சில வாரம் தெரிந்திராது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வரண்ட பிரதேசத்திலிருந்து கொழும்புக்கு ஆடு கொண்டுவரும் குடும்பத்துக்குப் பரண் முதலில், ஆடு பிறகு. அதுவும் சித்திரைக்குள், மழைக்கு முன். புழுக்கைச் சோதனையை நோய் வந்த பின் கேட்காமல், மழை தொடங்கி மூன்றாம் வாரம் கேட்க வேண்டும். செத்த ஆட்டைப் புதைக்குமுன் வைத்தியர் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். முதல் ஆட்டிலேயே அது நடந்திருந்தால் மற்ற இரண்டும் அநேகமாக இருந்திருக்கும். அயலாரோடு புகை, வாசம், புழுக்கை பற்றிய பேச்சை நல்ல நாளிலேயே பேசிக்கொள்வது நல்லது. பரணுக்குக் கீழே சேரும் எரு இப்போது அயல் வீட்டுப் பூஞ்செடிக்கே போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வளர்ப்பவர் நோயை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று முதல் நாளே கேட்க வேண்டும். ஆடுகளுக்கு இடம் ஒழுங்கு செய்யும்போது அந்தப் பார்வைக்கும் இடம் விட வேண்டும். எங்கள் குழுவின் படிவத்தில் அந்தக் கேள்வியை இப்போது சேர்த்திருக்கிறோம்.

மன்னாருக்குப் போனவற்றில் மூன்று மறிகள் ஈன்றுவிட்டன. பங்குக்கு வரும் கிடாய்க் குட்டிகள் வளர்ந்ததும் கொழும்புக்கு வரும் என்று பேச்சு. வந்தால் பரணில் சேர்க்குமுன் மூன்று வாரம் தனியே நிற்க வேண்டும். அதற்கான அடைப்பை மருமகன் மற்றப் பக்கத்துச் சுவரோடு அடித்துக்கொண்டிருக்கிறார், இம்முறை பலகை இடைவெளியைக் குட்டியின் காலுக்கு அளந்து.